வருகிற மெசேஜுக்கு வாங்குகிற காசு

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு வங்கிக் கிளை. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் பாதி நாள் பழுதாகவே கிடக்கும். ஓடுகிற நாளில் வரிசை வாசல்வரை நீளும். வரிசையில் நின்ற ஒரு மீன்காரம்மா, அச்சாகி வந்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே கவுன்ட்டருக்குள் நீட்டினார். “இன்னா சார் இது, பதினேழு ரூவா எழுவது பைசா? நான் எடுக்கவே இல்லியே.” உள்ளே இருந்த இளைஞர் எட்டிப் பார்த்தார். “அது மெசேஜ் சார்ஜும்மா. உங்க போனுக்கு மெசேஜ் வருதில்ல, அதுக்கு.” “வர்றதுக்கா? அனுப்புறவன்தானே சார் காசு குடுக்கணும்?” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்தக் கேள்விக்கு ரிசர்வ் வங்கியே இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.

கணக்கு எளிது. மூன்று மாதத்துக்கு 15 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 பைசா. பல வங்கிகளில் குறுஞ்செய்திக் கட்டணம் இந்த அளவில்தான் இருந்துவருகிறது. ஆண்டுக்கு 70 ரூபாய் 80 பைசா. இதற்காகவா நடுப்பக்கத்தில் இத்தனை பத்தி என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில் அன்றைய நிதித் துறை இணையமைச்சர் பகவத் கராட் மாநிலங்களவையில் தந்த எழுத்துமூலப் பதிலைப் பாருங்கள். 2018 முதல் பொதுத் துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் குறுஞ்செய்திக் கட்டணமாக மட்டும் வசூலித்தது 6,000 கோடி ரூபாய்க்கு மேல். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு வாங்கிய அபராதம் 21,000 கோடிக்கு மேல். ஏடிஎம்மில் கூடுதல் தடவை பணம் எடுத்ததற்கு 8,000 கோடிக்கு மேல். மூன்றையும் கூட்டினால் 35,000 கோடியைத் தாண்டுகிறது. ஒரு பாஸ்புக்கில் யார் கண்ணிலும் படாத தொகை, கோடிக்கணக்கான பாஸ்புக்குகளில் ஒரு தொழிலின் வருமானமாகிவிடுகிறது.

வங்கி நமக்கு மெசேஜ் அனுப்புவது நம் மேல் உள்ள பாசத்தால் அல்ல. 2011 மார்ச்சில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு அது: டெபிட், கிரெடிட் கார்டில் எந்தத் தொகைக்குப் பரிவர்த்தனை நடந்தாலும் வாடிக்கையாளருக்கு உடனே தகவல் போக வேண்டும். கார்டு மோசடிகள் பெருகிய காலம், நியாயமான உத்தரவு. ஆனால், செலவு யாருடையது என்பதை அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் வங்கிகள் அதைக் காலாண்டுக் கட்டணமாக்கி வாடிக்கையாளர் தலையில் கட்டின. புகார்கள் கிளம்பிய பிறகு, 2013 நவம்பர் 26-இல் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. எத்தனை மெசேஜ் போனதோ அத்தனைக்கு மட்டும், உண்மையான பயன்பாட்டைக் கணக்கிட்டு வாங்குங்கள், அதற்கான தொழில்நுட்பம் உங்களிடமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் இருக்கிறதே என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. மாதம் இரண்டு மெசேஜ் வருகிறவரும் இருநூறு மெசேஜ் வருகிறவரும் ஒரே 15 ரூபாய் கட்டுவது நியாயமில்லை என்பதை அது ஒப்புக்கொண்டது. ‘வாங்காதீர்கள்’ என்று மட்டும் அது சொல்லவில்லை. பயன்பாட்டைக் கணக்கிட்டு வாங்கத் தொடங்கிய வங்கிகளும் உண்டு. சுற்றறிக்கையைக் கோப்பில் போட்டுவிட்டு 15 ரூபாயையே தொடர்ந்த வங்கிகளும் உண்டு.

மெசேஜே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? வழி இருப்பதுபோலத் தெரியும். 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அந்த வழியையும் அடைத்துவிட்டது. குறுஞ்செய்தித் தகவலுக்குப் பதிவு செய்வதை வங்கிகள் கட்டாயமாகக் கேட்க வேண்டும். செல்பேசி எண் தராதவருக்கு ஏடிஎம்மில் பணம் எடுப்பதைத் தவிர வேறு மின்னணுப் பரிவர்த்தனை வசதி தரத் தேவையில்லை. காசிமேட்டில் வஞ்சிரம் விற்கிறவரிடமும் இன்று க்யூஆர் கோடு அட்டை தொங்குகிறது. எண் இல்லாமல் வியாபாரம் இல்லை. எண் கொடுத்தால் மெசேஜ் வரும். மெசேஜ் வந்தால் காசு போகும்.

அந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டாமல் வந்த பேரிங் கடிதத்துக்குப் பெறுகிறவர்தான் இரு மடங்கு கட்ட வேண்டும். ஆனால், தபால்காரர் வாசலில் நிற்கும்போதே “எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்புங்க” என்று சொல்லிவிடும் உரிமை வீட்டுக்காரருக்கு இருந்தது. உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தே ‘ஊரில் எல்லாரும் சுகம்’ என்று புரிந்துகொண்டு கடிதத்தைத் திருப்பியவர்களும் உண்டு. பிற்காலத்தில் நாம் கண்டுபிடித்த மிஸ்டு கால் அதே சாமர்த்தியத்தின் வாரிசு. வங்கியின் குறுஞ்செய்தியில் இந்தச் சாமர்த்தியத்துக்கெல்லாம் இடமில்லை. அது போனுக்குள் விழுந்துவிடுகிறது. விழாவிட்டாலும் கட்டணம் விழுந்துவிடுகிறது.

விழாமல் எப்படிப் போகும்? அதுதான் இந்தக் கதையின் பெரிய பாதி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1995-இல் சென்னைக்குச் செல்பேசி வந்தபோது ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலர் என்று இரண்டே நிறுவனங்கள். அழைப்பவரும் கட்டினார், எடுப்பவரும் கட்டினார். கையில் செல்போன் வைத்திருந்தவர்கள் மணி அடித்ததும் எண்ணைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் எஸ்டிடி பூத்துக்கு ஓடிய காலம் அது. கூப்பிடுகிறவரே கட்ட வேண்டும் என்ற முறையை 1999-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவரப் பார்த்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2003 மே 1 முதல்தான் உள்வரும் அழைப்பு இலவசமானது. செல்பேசி துறைமுகக் கூலித் தொழிலாளி கைக்கு வந்தது அந்தத் தேதிக்குப் பிறகு என்று சொன்னால் தவறில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அப்போது அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இரு பக்கமும் கட்டணம். 2008-இல் பெரிய நிறுவனங்கள் ஒரு மெசேஜுக்கு 20 சென்ட் வாங்கின, அனுப்பினாலும் சரி, வந்தாலும் சரி. செனட்டர் ஹெர்ப் கோல் அந்த நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்கும் அளவுக்கு அது போனது. நம் ஊரில் அந்தக் கொடுமை இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

2005 கடைசியில் ‘லைஃப்டைம்’ திட்டங்கள் வந்தன. 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் இன்கமிங் ஆயுளுக்கும் உண்டு. எண்ணூரிலும் கத்திவாக்கத்திலும் அந்த 999-ஐக் கடன் வாங்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியான கணக்கு. காண்ட்ராக்ட் தொழிலாளியின் போன் பேசுவதற்காக அல்ல, கூப்பிடப்படுவதற்காக. “நைட்டு ஷிஃப்டு ஆள் கம்மி, வந்துருப்பா” என்று மேஸ்திரி கூப்பிடுவார். மணலியில் கன்டெய்னர் யார்டில் லோடு இறக்க ஆள் வேண்டுமென்றால் அங்கிருந்து கூப்பிடுவார்கள். போட் ஓனர் விடியற்காலை இரண்டு மணிக்குக் கூப்பிடுவார். இவர் பக்கமிருந்து போவது பெரும்பாலும் மிஸ்டு கால்தான். அந்த அழைப்பு வராத நாளில் கூலி இல்லை.

இப்படி வாங்க மட்டுமே தெரிந்த வாடிக்கையாளரை நிறுவனங்கள் ஏன் பொறுத்துக்கொண்டன? அவர் வழியாகவும் அவர்களுக்கு வருமானம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் போனிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் போனுக்குக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவரின் நிறுவனம் எடுக்கிறவரின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். அந்தத் தொகை 2009-இல் 20 பைசா, 2015-இல் 14 பைசா. மேஸ்திரி கூப்பிட்ட ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் நிறுவனத்துக்குச் சில்லறை விழுந்துகொண்டிருந்தது. ஜியோ வந்த மறு ஆண்டு, 2017 அக்டோபரில், டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரியில் பூஜ்யமாக்கியது. தொழில்நுட்பம் மலிந்துவிட்டது, இனி அந்தக் கட்டணம் தேவையில்லை என்பது வாதம். வாதத்தில் பிழையில்லை. ஆனால், அந்தக் கையெழுத்தோடு அழைப்பை எடுக்க மட்டும் போன் வைத்திருந்தவர் நிறுவனத்தின் கணக்கில் வெறும் சுமையாகிப்போனார்.

பூஜ்யமாகும்வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை; 6 பைசாவாகக் குறைத்த அடுத்த ஆண்டே விளைவு தெரிந்தது. 2018 அக்டோபர், நவம்பர் வாக்கில் ஏர்டெல், வோடபோன் ஐடியா வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெசேஜ் வந்தது: ரீசார்ஜ் செய்யுங்கள், இல்லாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும். 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய். கணக்கில் 60, 70 ரூபாய் பேலன்ஸ் வைத்திருந்தவருக்கும் அதே மிரட்டல். போதிய பேலன்ஸ் இருப்பவர்களின் சேவையை உடனே துண்டிக்காதீர்கள் என்று டிராய் கொஞ்சம் குரல் கொடுத்தது, அதோடு சரி. பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் எண்ணை ரத்து செய்யக் கூடாது என்ற 2013-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. எண் உயிரோடு இருக்கும், ஆனால் மணி அடிக்காது. லைஃப்டைம் என்று கட்டிய 999 என்ன ஆனது என்று கேட்டால், அந்த ஆயுள் நிறுவனத்தின் உரிமத்துக்கான ஆயுளாம், கட்டியவரின் ஆயுள் இல்லையாம்.

அந்த 35 ரூபாய் படிப்படியாக ஏறியது. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லில் 28 நாளுக்கு 199 ரூபாய். மாதத்துக்கு 28 நாள் என்று ஒரு நாட்காட்டி எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ், 2,587 ரூபாய். பட்டன் போன் வைத்திருக்கிறவருக்கு டேட்டா எதற்கு என்ற கேள்வி பலத்த பிறகு, 2024 டிசம்பரில் டிராய், பேசவும் மெசேஜுக்கும் மட்டுமான தனித் திட்டம் கட்டாயம் என்றது. நிறுவனங்களும் கொண்டுவந்தன: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஓராண்டுக்கு 1,849. எண்ணூரில் வீட்டு வேலைக்குப் போகிற அம்மா மொத்தமாக 1,849 ரூபாயை எந்த மாதத்தில் எடுத்துவைப்பார்?

இனி இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கையில் காசு குறையும்போது முதலில் தள்ளிப்போவது ரீசார்ஜ். முதலில் அவுட்கோயிங் நிற்கும், சில நாளில் இன்கமிங்கும் நிற்கும், ஓடிபிகூட வராது. அதே நாட்களில்தான் அரசு தரும் தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பணம் வந்த மெசேஜ் போனுக்கு வருவதில்லை. மெசேஜுக்கான காலாண்டுக் கட்டணத்தை வங்கி எடுத்துக்கொள்வது மட்டும் நிற்பதில்லை. வாசலுக்கே வராத கடிதத்துக்குப் பேரிங் கட்டிய ஊர் உலகில் வேறு இருக்குமா தெரியவில்லை.

யாரோ கணக்கிலிருந்து பணத்தை உருவிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதே 2017 சுற்றறிக்கையின்படி, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால், வெளியார் செய்த மோசடியில் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய்வரை, சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய்வரை நஷ்டம் அவருடையது. ஏழு நாளைத் தாண்டினால் வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். நாள் எண்ணத் தொடங்குவது அந்த மெசேஜிலிருந்து. போன் ஊமையாகக் கிடக்கிறவருக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? “நாங்க அனுப்பிட்டோம்” என்பதற்கு வங்கியின் கணினியில் பதிவு இருக்கும். “எனக்கு வரலை” என்பதற்கு இவரிடம் என்ன இருக்கும்?

இந்தப் பிடித்தங்கள் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கின்றன என்பதை 2023 செப்டம்பரில் தமிழ்நாடு பார்த்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக 1,000 ரூபாய் கணக்கில் ஏறிய கையோடு, பழைய பாக்கி என்று சில வங்கிகள் அதைக் கழித்துக்கொண்டன. குறைந்தபட்ச இருப்பு இல்லாத அபராதம், மெசேஜ் கட்டணம் என்று கணினி குறித்துவைத்துக் காத்திருந்த தொகைகள் அவை. கணக்கில் பணம் இல்லாதவரை எடுக்க முடியாது. பணம் வந்ததும் முதல் கை வங்கியினுடையது. அப்படிச் செய்யக் கூடாது என்று அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று; புகார் சொல்ல முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐயும் அறிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணத்தை அரசு ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்தது. வரிசையைக் கேலி செய்து எழுதியவர்கள் உண்டு. வடசென்னையில் அந்த 6,000, ஒரு பைசா குறையாமல் கைக்கு வந்தது என்பதையும் அவர்கள் எழுதியிருக்கலாம்.

வாடிக்கையாளர் மெசேஜுக்குக் காசு கட்டவே மாட்டார் என்பதில்லை. நோக்கியா 2009-இல் கொண்டுவந்த லைஃப் டூல்ஸ் சேவையில் மாதம் 30 ரூபாய் கட்டி வானிலையும் விவசாயத் தகவலும் பெற்றவர்கள் இருந்தார்கள்; மகாராஷ்டிரத்தில் ராய்ட்டர்ஸ் 2007-இல் தொடங்கிய சந்தை விலைச் சேவைக்கும் விவசாயிகள் சந்தா கட்டினார்கள். கேட்டு வாங்கினார்கள், பிடிக்காவிட்டால் நிறுத்தினார்கள். இதற்கு நேர்மாறான அனுபவமும் நமக்கு உண்டு. ஜோதிடம், ஜோக், கிரிக்கெட் ஸ்கோர், காலர் டியூன் என்று திரையில் திடீரென்று குதித்த ஃபிளாஷ் மெசேஜில் கை தவறி ஓகே அழுத்திவிட்டால் 30 ரூபாய் காலி. நேற்று போட்ட டாப்-அப் இன்று எங்கே என்று ரீசார்ஜ் கடைக்காரரிடம் சண்டை போடாத தெரு இந்தப் பக்கம் இருந்ததில்லை. 2011-இலும் 2013-இலும் டிராய் போட்ட உத்தரவுகள்தான் அதை அடக்கின. வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொல்ல வேண்டும், நிறுத்த 155223 என்ற ஒரே இலவச எண் போதும். ஜோதிட மெசேஜ் அனுப்பியவருக்குப் போட்ட கடிவாளத்தை வங்கிக்கு ஏன் போடக் கூடாது?

வங்கிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு: யுபிஐ வந்த பிறகு பத்து ரூபாய் டீக்கும் மெசேஜ், அனுப்பி மாளவில்லை. உண்மைதான். அதனால்தான் எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூன் முதல் 100 ரூபாய்க்குக் குறைந்த யுபிஐ பற்றுக்கும் 500 ரூபாய்க்குக் குறைந்த வரவுக்கும் குறுஞ்செய்தியை நிறுத்தியது. ஆனால், அந்தச் சுமையைக் காட்டி வாடிக்கையாளரிடம் வாங்குவது வேறு விஷயம். நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு மெசேஜ் கட்டணத்தை ரத்து செய்தது. அதனால் அது நொடித்துப்போய்விடவில்லை. மோசடியைத் தடுப்பது வங்கியின் காவல் செலவு. லாக்கர் அறைக்குப் பூட்டு வாங்கியதற்கு யாரும் தனி ரசீது போடுவதில்லை. (காசிமேட்டுக் கடையில் “ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கத்துகிற ஸ்பீக்கர் பெட்டிக்கும் மாத வாடகை உண்டு. அதையும் கட்டுகிறவர் பெறுகிறவர்தான்.)

வரவேண்டிய மெசேஜ் வந்திருக்கிறதா என்றும் இந்தப் பகுதி மக்கள் கேட்பார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்களை எழுப்பியது போன் இல்லை, நெடி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோபுர எல்லைக்குள் இருக்கிற எல்லாப் போன்களிலும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கை முறையை மத்திய அரசு அதே ஆண்டு பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்திருந்தது. அதற்கு ரீசார்ஜ் கேட்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டால் நீளும், இரண்டு போதும். சட்டமும் ரிசர்வ் வங்கியும் கட்டாயமாக்கிய எந்தத் தகவலுக்கும் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி ஒரு வரி எழுத வேண்டும். 2013-இல் எழுதாமல் விட்ட வரி அது. இரண்டாவது டிராய்க்கு: அழைப்பையும் குறுஞ்செய்தியையும் பெற மட்டும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகையில் ஒரு திட்டம் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். எண்ணைத் தக்கவைக்க 20 ரூபாய் போதும் என்று சொன்ன அதே டிராய், அந்த எண் மணியடிக்கவும் ஒரு விலையைச் சொல்லலாம். நிறுவனங்களுக்கு நஷ்டம் வரும் என்றால், மெசேஜ் அனுப்பி லாபம் பார்க்கிற வங்கிகளிடமும் வியாபார நிறுவனங்களிடமும் அதை ஈடுகட்டட்டும், அனுப்புகிறவர்கள் அவர்கள்தானே.

மாநில அரசும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2023-இல் உரிமைத் தொகைக்காக வங்கிகளைக் கூப்பிட்டுப் பேசிய அரசு, இந்தக் கட்டணத்தை மாநில வங்கியாளர் குழுமத்தின் நிகழ்ச்சி நிரலில் வைக்கலாம். நலத்திட்டப் பணம் வரும் கணக்குகளுக்காவது மெசேஜ் கட்டணம் கிடையாது என்று எழுதி வாங்கலாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒருங்கிணைக்கும் அந்தக் குழுமம் காலாண்டுக்கு ஒரு முறை கூடுகிறது. பாஸ்புக்கில் 17 ரூபாய் 70 பைசா விழுவதும் காலாண்டுக்கு ஒரு முறைதான்.